அட்லஸ் அந்துப்பூச்சியின் இறக்கை நுனியில் இருப்பது பாம்புத் தலைதானா?

நீங்கள் புகைப்படத்தோடு அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். குற்றாலத்தில் தங்கிய விடுதியின் வெளிச்சுவரில், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ராட்சதப் பூச்சி. செங்கல் நிறம். இறக்கையை விரித்தால் ஒரு சாண் அகலம். முன்னிறக்கை நுனி இரண்டும் கண்ணோடும் வாயோடும் பாம்புத் தலை மாதிரி. இறக்கைகளின் நடுவில் கண்ணாடி பதித்தது போல முக்கோணங்கள். பறவைகளை மிரட்டத்தான் பாம்பு வேஷம் என்கிறார்களே, உண்மையா? அந்தக் கண்ணாடி எதற்கு? விஷப்பூச்சியா? மறுநாள் பகல் முழுக்க அசையாமல் அங்கேயே இருந்ததே, அதற்கு ஏதாவது நோயா? பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன உருண்டைகள் என்ன?

சுருக்கமான பதில்: விஷம் இல்லை, நோயும் இல்லை. பாம்புக் கதையைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களிலிருந்து தொலைக்காட்சிச் செய்திகள் வரை எல்லோரும் அதை நிரூபிக்கப்பட்ட உண்மையாகவே சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஓர் ஊகம், நல்ல ஊகம், அவ்வளவுதான். அந்த இறக்கை நுனிக்கு வேறொரு வேலையும் இருப்பதை 2021-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த வேலை இருட்டில் நடக்கிறது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஆட்கள் யாரும் அதைப் பேசுவதில்லை என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். அட்டகஸ் என்ற பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்த அட்டகஸ் அட்லஸ் வடகிழக்கு இந்தியா, தென்சீனா, மலேசியா, இந்தோனேசியா என்று பரவியிருப்பது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவான அட்டகஸ் டாப்ரோபானிஸ். 1880-களில் இலங்கையின் பூச்சிகளை விரிவாக எழுதிய ஃபிரெடெரிக் மூர் விவரித்தது இது. நெடுங்காலம் அட்லஸின் துணை இனமாகவே சேர்த்து எண்ணினார்கள், இப்போது தனி இனமாகக் கொள்கிறார்கள். அந்தமானில் ஒன்று, பிலிப்பைன்ஸில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் டார்வின் பக்கம் ஒன்று என்று இன்னும் சில உண்டு. குற்றாலத்தில் பார்த்தீர்கள் என்றால் அது டாப்ரோபானிஸ்தான். இறக்கை அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கீழே 'அட்லஸ்' என்று பொதுவாகவே சொல்கிறேன். கேரளத்தில் இதை நாகசலபம் என்கிறார்கள். ஹாங்காங் பக்கத்துச் சீனர்களும் பாம்புத் தலைப் பூச்சி என்றே சொல்கிறார்கள். ஆக, பாம்பைப் பார்த்தது நாம் மட்டும் இல்லை.

'உலகிலேயே மிகப் பெரியது' என்ற பட்டத்தையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். அட்லஸின் இறக்கை விரிப்பு 25 செ.மீ. வரை போகும். தென் அமெரிக்காவின் தைசானியா அக்ரிப்பினா அதைவிட நீளமாக விரிக்கும், 30 செ.மீ.யை நெருங்கும். பரப்பளவில் ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் உள்ள ஹெர்குலிஸ் அந்துப்பூச்சி முந்திவிடும். நம்முடையது முதல் சில இடங்களுக்குள் வரும், அது போதாதா!

சரி, நுனிக்கு வருவோம். முன்னிறக்கையின் மேல் நுனி வெளிப்பக்கமாக நீண்டு வளைந்து ஒரு மடல் போல நிற்கிறது. மற்ற இடமெல்லாம் செம்பழுப்பாக இருக்க, இந்த மடல் மட்டும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிர் நிறம். அதில் ஒரு கரும்புள்ளி, அது கண். புள்ளியை ஒட்டி ஒரு வெள்ளைக் கீற்று. விளிம்பை ஒட்டி நெளிந்து ஓடும் ஒரு கருங்கோடு, அது வாய்ப் பிளவு. மொத்தத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்த நல்ல பாம்பின் தலை. அடிப்பக்கத்திலும் இதே வரைவு கொஞ்சம் மங்கலாக உண்டு. ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் 'தலை' தெரியும்.

இதெல்லாம் நிலைக்காட்சி. பூச்சியைத் தொந்தரவு செய்தால் இன்னொன்று செய்யும். பறந்து தப்பிக்கப் பார்க்காது. பொத்தென்று தரையில் விழுந்து, இறக்கைகளை மெதுவாக, பெரிய பெரிய வீச்சாக அசைத்தபடி புரளும். அப்போது நுனிகள் இரண்டும் தலை தூக்கி ஆடுவது போலத்தான் தெரிகிறது. பாம்புக் கதைக்கு ஆதரவாக இருப்பதிலேயே வலுவானது இந்த நடத்தைதான் என்று நினைக்கிறேன். வெறும் படத்தைவிட, படத்துக்குப் பொருத்தமான அசைவு பெரிய சாட்சி.

பறவைகளுக்குப் பாம்பு பயம் பிறவியிலேயே இருக்க முடியுமா என்றால், இருக்க முடியும். 1975-இல் சூசன் ஸ்மித் என்ற ஆய்வாளர், பாம்பைப் பார்த்தே இராத, கூட்டிலிருந்து எடுத்துக் கையில் வளர்த்த மோட்மோட் பறவைகளுக்கு வர்ணம் தீட்டிய மரக்குச்சிகளைக் காட்டினார். மோட்மோட் என்பது மத்திய அமெரிக்கப் பறவை, நம் மீன்கொத்திக்குத் தூரத்து உறவு. மற்றக் குச்சிகளைக் கொத்திப் பார்த்த அவை, அந்த ஊர்ப் பவளப்பாம்பைப் போல மஞ்சளும் சிவப்பும் வளையமிட்ட குச்சியைக் கண்டதும் ஒதுங்கிவிட்டன. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, ஒதுக்கம் உடன்பிறந்தது.

ஆனால் இதை அப்படியே அட்லஸுக்கு ஒட்டிவிட முடியாது. எனக்கு உள்ள முதல் தயக்கம் இதன் சொந்தக்காரர்களைப் பார்க்கும்போது வருவது. அட்லஸ் சாட்டர்னிடே என்ற காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அசாமில் எரி பட்டுக்காக வளர்க்கும் சாமியா பூச்சியைப் பாருங்கள். அதன் முன்னிறக்கை நுனியிலும் அதே இடத்தில் அதே கரும்புள்ளி, பக்கத்தில் வெள்ளைக் கீற்று. வட அமெரிக்காவில், பனி கொட்டும் ஊர்களில் வாழும் செக்ரோபியா அந்துப்பூச்சியிலும் நுனியில் அதே புள்ளி. அவற்றைப் பார்த்து யாரும் பாம்பு என்று கத்துவதில்லை, ஏனென்றால் நுனி இந்த அளவுக்கு நீண்டு வளையவில்லை. ஆக, புள்ளி என்பது குடும்பச் சொத்து, பழையது. அட்லஸ் இனத்தில் நுனி நீண்டது, நிறம் பிரிந்தது, கோடு நெளிந்தது. இவை சேர்ந்த பிறகுதான் நம் கண்ணுக்குப் பாம்பு தென்படுகிறது. பாம்பாகத் தோன்றியதால் தப்பித்து அதனால் மேலும் மெருகேறியிருக்கலாம். அல்லது நுனி வேறு காரணத்துக்காக நீண்டு, பாம்பு என்பது நாம் படித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இரண்டாவது தயக்கம் கண்புள்ளிகளைப் பற்றிய பழைய சண்டையிலிருந்து வருவது. பூச்சி இறக்கையில் கண் போல ஒரு வட்டம் இருந்தால் பறவை பயப்படுவது அதைக் 'கண்' என்று நினைப்பதாலா, அல்லது பளிச்சென்று திடீரெனத் தெரிவதாலா? 1957-இல் பிளெஸ்ட் என்பவர், பறவை இரை எடுக்க வரும்போது பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வெவ்வேறு வடிவங்களைத் தெரியவைத்துச் சோதித்தார். கண் போன்ற வட்டங்களுக்குத்தான் பறவைகள் அதிகம் துள்ளி விலகின. 2005-இல் ஸ்வீடனில் மயில்கண் வண்ணத்துப்பூச்சிகளை நீலச் சிட்டுகளிடம் விட்டார்கள். கண்புள்ளி மறைக்கப்படாத 34 பூச்சிகளில் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. புள்ளிகளின் மேல் வர்ணம் பூசி மறைத்த 20-இல் 13 போய்விட்டன. புள்ளி உயிரைக் காக்கிறது என்பதில் இதற்குப் பிறகு சந்தேகம் இல்லை.

ஆனால் ஏன் காக்கிறது? இங்கிலாந்துக் காடுகளில் மார்ட்டின் ஸ்டீவன்ஸ் குழு காகித இறக்கைகளில் புழுவை வைத்து மரங்களில் குத்தி, வட்டம், பட்டை என்று பல வடிவங்களை வரைந்து பார்த்தது. வட்டத்துக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. எடுப்பாகத் தெரிகிற எந்த வடிவமும் அதே அளவுக்குக் காப்பாற்றியது. கண் மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2015-இல் ஃபின்லாந்தில் இதற்கு நேர் எதிரான முடிவு. கணினித் திரையில் ஆந்தை வண்ணத்துப்பூச்சியின் படத்தையும் நிஜ ஆந்தையின் முகத்தையும் சிட்டுகளுக்குக் காட்டியபோது, கண்புள்ளி உள்ள பூச்சிக்கும் கண் திறந்த ஆந்தைக்கும் ஒரே மாதிரி பயந்தன. ஆக அங்கே கண்ணாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு சோதனைகளிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூச்சிக்குப் பூச்சி, பறவைக்குப் பறவை பதில் மாறும் போலிருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அட்லஸை வைத்துச் செய்ததில்லை என்பதையும், இவை வட்டக் கண்களைப் பற்றியவை, பக்கவாட்டுப் பாம்புத் தலையைப் பற்றியவை அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாம்புப் படத்தைப் பகிர்கிறவர்கள் இந்த இடைவெளியை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறார்கள்.

இனி இருட்டுக்குப் போவோம்.

அட்லஸ் பறப்பது இரவில். இரவில் இதை வேட்டையாடுவது வௌவால். வௌவாலுக்கு இறக்கையின் நிறமும் புள்ளியும் ஒரு பொருட்டே இல்லை. நம் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே அது இரை இருக்குமிடத்தை அறிகிறது. பல அந்துப்பூச்சிகளுக்கு இந்த ஒலியைக் கேட்கும் காது உண்டு. கேட்டதும் திசை மாற்றித் தப்பித்துவிடும். அட்லஸின் குடும்பத்துக்குக் காது கிடையாது. முழுச் செவிடு. உடம்போ கனம், பறப்பும் மந்தம். இவ்வளவு பெரிய, வேகமில்லாத, எதுவும் கேட்காத பூச்சி எப்படித்தான் பிழைக்கிறது?

விடையின் ஒரு பகுதி இதன் உறவுக்காரரான லூனா அந்துப்பூச்சியிடமிருந்து வந்தது. லூனா அமெரிக்காவில் இருப்பது. நம் மலைகளில் அதே சாயலில் இந்திய நிலா அந்துப்பூச்சி உண்டு, வெளிர் பச்சை நிறத்தில், பின்னிறக்கையில் நீண்டு முறுக்கிய இரண்டு வால்களோடு, பார்த்திருப்பீர்கள். அழகுக்காக இருப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்த அந்த வால்கள் வௌவாலைத் திசைதிருப்புகின்றன என்று 2015-இல் ஜெஸ்ஸி பார்பரின் குழு காட்டியது. முறுக்கிய வால் சுழலும்போது எதிரொலி எழுப்புகிறது. வௌவால் உடம்பை விட்டு வாலைக் குறிவைக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட தாக்குதல்கள் வாலை நோக்கியே போயின. வால் வெட்டப்பட்ட பூச்சிகளைவிட வால் உள்ளவை பிழைத்தது ஏறக்குறைய 47 விழுக்காடு அதிகம். வால் பிய்ந்தால் பிய்ந்துவிட்டுப் போகட்டும், பூச்சி பறந்துவிடும்.

அட்லஸுக்கு வால் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் முன்னிறக்கை நுனி! பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹோல்டரீட் குழு, இந்தக் குடும்பத்துப் பூச்சிகளின் இறக்கைகளைப் பல கோணங்களில் வைத்து மீயொலியைப் பாய்ச்சி, எந்த இடத்திலிருந்து எவ்வளவு எதிரொலி திரும்புகிறது என்று அளந்தது. 2021-இல் வெளியான முடிவு இது: நுனியில் உள்ள மடிப்பும் சுருக்கமும் உடம்பைவிடப் பலமான எதிரொலியைத் தருகின்றன. மடிப்பு எவ்வளவு நேர்த்தியோ, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பலம். பல நேரங்களில் அது வால்களைவிடவும் உரக்க ஒலிக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து ரிஃப்ளெக்டர் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புகிறதே, ஒலிக்கு இந்த மடிப்பு அதையே செய்கிறது. வௌவால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் 'இரை இங்கே' என்று அதன் காதில் விழுவது இறக்கையின் நுனி. பாய்ந்து கடித்தால் கிடைப்பது ஒரு துண்டு இறக்கை.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வேறு. குடும்பமரத்தில் இந்த மடிப்பு நுனிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல முறை தோன்றியிருக்கின்றன. தோன்றிய ஒவ்வொரு தடவையும் வால் பொறி இல்லாத பூச்சிகளிலேயே தோன்றியிருக்கின்றன. வால் இருந்தால் மடிப்பு இல்லை, மடிப்பு இருந்தால் வால் இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு தனித்தனித் தீர்வுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கூடவே இன்னொன்று: இந்தக் குடும்பத்தின் வேறு சில பூச்சிகளில் மார்பில் இருக்கும் அடர்ந்த ரோமம் மீயொலியை உறிஞ்சிக்கொள்வதையும் அதே குழு அளந்திருக்கிறது. உடம்பு அடக்கி வாசிக்கிறது, நுனி சத்தம் போடுகிறது.

இப்போது உங்கள் புகைப்படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நுனி மடல் தட்டையாக இல்லை, ஓரம் மெல்ல மடங்கியிருக்கும். சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் அதன் நிழலில் அந்த மடிப்பு தெரியும். அங்கே நாம் 'பாம்பின் தாடை' என்று பார்ப்பதில் ஒரு பங்கு அந்த வளைவால் வந்தது. அதனால்தான் மேலே சொன்னேன், நுனி நீண்டது வௌவாலுக்காக இருந்து, பாம்பு வேஷம் அதன்மேல் பிறகு ஏறியதாக இருக்கலாம் என்று. இது என் கருத்து, அந்த ஆய்வின் முடிவு இல்லை. ஆனால் பகலில் பறவைக்கும் இரவில் வௌவாலுக்கும் ஒரே செய்தியை, அதாவது 'அடிக்கிறதானால் இங்கே அடி' என்பதை, ஒரே மடல் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டால் பல விஷயங்கள் பொருந்துகின்றன. பறவை பாம்பென்று பயந்து விலகினால் லாபம். பயப்படாமல் அந்தப் பளிச்சென்ற இடத்தைக் கொத்தினாலும் லாபம்தான், தலையும் வயிறும் அரைச் சாண் தள்ளி இருக்கின்றனவே.

நுனி கிழிந்த அட்லஸ்களை மழைக்காலத்தில் விளக்குக் கம்பங்களின் அடியில் நிறையப் பார்க்கலாம். அதையெல்லாம் வௌவால் கடித்தது என்று எழுதிவிடாதீர்கள். கிளையில் மோதியும், விளக்கைச் சுற்றிச் சுவரில் அடித்துக்கொண்டும் கிழியும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில், வெட்டியது போலக் கிழிந்திருந்தால் மட்டும், இறக்கைகள் சேர்ந்திருந்தபோது அலகு பட்டிருக்கலாம் என்று யோசிக்க இடமுண்டு.

அடுத்து அந்தக் கண்ணாடி முக்கோணங்கள். பூச்சி இறக்கையின் நிறமெல்லாம் அதன்மேல் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும் செதில்களில் இருக்கிறது. இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அதுதான். அடியில் இருக்கும் சவ்வுக்கு நிறமில்லை. முக்கோணத்தில் செதில்கள் மெலிந்து அருகிப் போயிருக்கின்றன. அதனால் வெறும் சவ்வு தெரிகிறது. செத்துக் கிடந்த ஒன்றின் இறக்கையைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அந்த ஜன்னல் வழியாக எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. நான்கு இறக்கைகளிலும் நடுவில் பெரிதாக ஒன்று, கறுப்புக் கரையோடு. முன்னிறக்கையில் சிலவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கீற்றும் இருக்கும்.

இதை உறவுகளோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். டஸ்ஸர் பட்டு தரும் ஆந்தெரேயா பூச்சியில் இறக்கையின் இதே இடத்தில் ஒரு வட்டக் கண்புள்ளி உண்டு. அதன் நடுவிலும் இதே போலக் கண்ணாடி. நிலா அந்துப்பூச்சியிலும் எரி பூச்சியிலும் அது பிறையாகச் சுருங்கியிருக்கிறது. அமெரிக்காவின் ராத்ஸ்சைல்டியா பூச்சிகளில் அட்லஸ் போலவே பெரிய ஜன்னல். நரம்புகள் சந்திக்கும் அந்த ஒரே இடத்தில், ஒரு குடும்பம் கண் வரைந்திருக்கிறது, பிறை வரைந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. அட்லஸின் முக்கோணம் தனியாக வானத்திலிருந்து குதித்த வடிவம் இல்லை.

பயன் என்ன? காய்ந்த சருகுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கற்பனை செய்யுங்கள். சருகில் ஓட்டை இருக்கும், ஓட்டை வழியே பின்னால் இருப்பது தெரியும். இறக்கையிலும் அதே மாதிரி ஓட்டை இருந்தால் 'இது ஒரு முழு உருவம்' என்று பறவையின் கண் கூட்டிச் சேர்ப்பது கடினம். எந்த மரத்தில் உட்கார்ந்தாலும் ஜன்னல் வழியே அந்த மரத்தின் நிறமே தெரியும் என்பது கூடுதல் வசதி. ஃபிரான்ஸில் செயற்கை அந்துப்பூச்சிகளை மரங்களில் ஒட்டி வைத்து, முழுக்க நிறம் உள்ளவற்றையும் ஒளி ஊடுருவும் பகுதி உள்ளவற்றையும் காட்டுப் பறவைகளிடம் விட்டார்கள். ஜன்னல் வைத்தவை குறைவாகத் தாக்கப்பட்டன. அட்லஸை வைத்துச் செய்ததில்லை என்றாலும், ஒளிந்துகொள்ள ஜன்னல் உதவும் என்ற வாதத்துக்கு இது நல்ல ஆதரவு. கண்ணாடி மினுங்கிப் பறவையின் கண்ணைக் கூசச் செய்கிறது என்று சிலர் எழுதுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிழலில் ஒடுங்கி உட்காரும் பூச்சி அது.

மற்றபடி இறக்கையின் நடுவில் ஓடும் வெள்ளைக் கோடு, வெளிவிளிம்பில் ஓடும் நெளி, இவையெல்லாம் உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும் வேலையைத்தான் செய்கின்றன. தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

விஷமா என்று கேட்டிருந்தீர்கள். கடிக்க வாய் கிடையாது, கொட்ட கொடுக்கு கிடையாது, கம்பளிப்பூச்சி போல அரிக்கும் மயிரும் கிடையாது. செதில் பொடி கண்ணில் பட்டால் உறுத்தும், அதனால் தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், அதோடு சரி. புழுப் பருவத்தில் மட்டும் ஒரு தற்காப்பு இருக்கிறது. வெண்பொடி பூசிய இளம்பச்சைப் புழு, பத்து செ.மீ.க்கு மேல் வளரும், தொந்தரவு செய்தால் நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சும். எறும்புக்கும் ஓணானுக்கும் அது போதும். கொய்யா, இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகைகள், பெருமரம் என்று பலவற்றைத் தின்னும் புழு இது, ஒரே மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை.

பகல் முழுக்க அசையாமல் இருந்ததற்கும் வாய் இல்லாததற்கும் தொடர்பு உண்டு. வளர்ந்த அட்லஸ் சாப்பிடவே முடியாது. உறிஞ்சுகுழல் பயனற்றுச் சுருங்கிப் போயிருக்கிறது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே மொத்த வாழ்க்கையும், அதாவது ஒன்று இரண்டு வாரங்கள். அதனால் பகலில் சொட்டு ஆற்றலையும் வீணாக்காது. பெண் இன்னும் மோசம், கூட்டிலிருந்து வெளியே வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிற்று நுனியிலிருந்து மணத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் காத்திருக்கும். ஆண்தான் பறவை இறகு போன்ற அகன்ற உணர்கொம்பால் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் தேடி வர வேண்டும். பாம்பு வேஷமோ எதிரொலிப் பொறியோ, எல்லாம் இந்தச் சில இரவுகளைத் தாண்டுவதற்காகத்தான். வீட்டுக்குள் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. விளக்கை அணைப்பதுதான் செய்யக்கூடிய உதவி. விளக்கடியில் சிக்கிய பூச்சி துணையைத் தேட வேண்டிய இரவை அங்கேயே சுற்றித் தீர்த்துவிடுகிறது.

இதன் கூட்டிலிருந்தும் பட்டு எடுக்கிறார்கள், ஆனால் மல்பெரிப் பட்டு போல ஒரே நீள இழையாக வராது, பிய்த்துப் பிய்த்து நூற்க வேண்டும். தைவானில் காலிக் கூட்டையே சின்னப் பணப்பையாக வைத்துக்கொள்வதும் உண்டு. உயிருள்ள கூடுகளை இணையத்தில் விற்கிறார்கள், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். 2022 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சுவரில் அட்லஸ் ஒன்று காணப்பட்டு, அந்த மாநில வேளாண் துறை மக்களிடம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. அந்த நாட்டில் அது அதற்குமுன் பதிவானதே இல்லை, தடை செய்யப்பட்ட பூச்சி வேறு.

கடைசியாகச் சுவரில் இருந்த உருண்டைகள். அவை முட்டைகள். உங்கள் பூச்சியின் உணர்கொம்பு மெலிந்து, வயிறு பருத்து இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே அது பெண்தான். இணை சேராத பெண்ணும் நாள் நெருங்கினால் முட்டையிட்டுவிடும், அவை பொரிக்காது. இணை சேர்ந்திருந்தால் சுமார் இரண்டு வாரத்தில் பொரிக்கும். சுவரில் பொரித்தால் குட்டிப் புழுவுக்குத் தின்ன எதுவும் இல்லை. அதனால் விடுதியில் தெரிந்தவர்கள் இருந்தால், முட்டைகளை நகத்தால் சுரண்டாமல் ஒரு மெல்லிய அட்டையால் நெம்பி எடுத்து, பக்கத்திலுள்ள கொய்யா மரத்தின் இலைக்கு அடியில் துணித்துண்டால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மருந்து அடித்த மரமாக மட்டும் இருக்கக் கூடாது.